போட்டிக்கு நின்ற செவலைக் கோழி

தோப்புப் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் மயிலார்தான் குழுத் தலைவர். "வேற யாராச்சும் நிக்கிறீங்களா?" என்று தேர்தல் நடத்தும் காக்கை கேட்கும். எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மயிலார் தோகையை விரிப்பார், அத்தோடு தேர்தல் முடிந்துவிடும்.

இந்த வருஷம் செவலைக் கோழி, 'கடவுளே, குரல் நடுங்காம இருக்கணும்' என்று வேண்டிக்கொண்டு, "நான் நிக்கிறேன்" என்றது.

காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "குப்பை கிளறுறவளுக்குக் குழு எதுக்குடி?"

"கிளறினதாலதான் கண்ணுல பட்டுச்சு அண்ணே. வகுப்புக்குப் பின்னால வேலியில ஓட்டை. கீரி அது வழியாத்தான் வருது. என் கடைக்குட்டியை அதுதான் தூக்கிட்டுப் போச்சு. எத்தனை தடவை சொல்லியும் நீங்க அடைக்கலே."

மயிலார் கனிவாகப் பேசினார். "உன் துக்கம் புரியுதும்மா. வாபஸ் வாங்கிக்க. ஆண்டு விழாவுல உன்னை மேடையில உட்கார வைக்கிறேன்."

"மேடை வேண்டாங்க ஐயா. ஓட்டு நடக்கட்டும்."

யாருக்கு ஓட்டோ அவர் பக்கத்தில் போய் நிற்பது அந்தத் தோப்பு வழக்கம். எல்லாரும் மயிலார் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கே போனார்கள். வாத்து மட்டும் குஞ்சுகளோடு கோழியிடம் வந்தது.

"தோத்துட்டே, வீட்டுக்குப் போ" என்றது காக்கை.

கோழி வேலிக்குப் போய், ஓட்டையை அடைக்க ஒரு முள் கொப்பைக் கவ்வி இழுத்தது.

"தலைவர் உத்தரவில்லாம வேலியைத் தொடக் கூடாது!" என்று காக்கை கத்தியது.

"வந்து தடுங்க அண்ணே, இங்கதான் இருப்பேன். அடுத்த வருஷமும் நிப்பேன்."

மரத்தடியில் இருந்த கவுதாரி மயிலாரை அண்ணாந்து பார்த்தது. தன் குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு கீழே கிடந்த ஒரு முள்ளைக் கவ்விக்கொண்டு வேலியை நோக்கி நடந்தது.