தெரிந்தவள்

"எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திருக்கா. அதைத்தான் என்னால தாங்கிக்க முடியல," என்றாள் ப்ரான்வின்.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் ஒரு முதியோர் இல்லம். ப்ரான்வின் அதன் மேலாளர். எதிரே பராமரிப்பாளர் லிடியா. நடுவில், விசாரிக்க வந்த அதிகாரி பெட்ரி. ஓரமாக மூத்த நர்ஸ் ஷோனா.

பன்னிரண்டாம் அறை டெஸ் ஹாலிக் போன வாரம் செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தார். வியாழக்கிழமை இறந்துபோனார்.

ப்ரான்வின், ஊழியர்கள் குறிப்பு எழுதும் ஆப்பைத் திறந்து டேப்லெட்டை பெட்ரி பக்கம் திருப்பினாள்.

"ப்ரஷர் மாத்திரை மாத்தினது ஒரு குறிப்பு. காலைல தலை சுத்துச்சுன்னு ஒண்ணு. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே நின்னார், டீயைக் கொட்டினார்... ஒன்பது குறிப்பு. எழுதினது வேற வேற ஆளுங்க. ஒண்ணோட ஒண்ணு இணைச்சு வச்சது இவ ஒருத்தி. எங்களுக்கு ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். முழுசா தெரிஞ்சவ இவதான்."

ஷோனா லிடியாவை முறைத்தாள். சவரம் செய்துவிடும்போதெல்லாம் டெஸ் ஷோனாவை 'முதலாளியம்மா' என்பார்.

இந்த லிடியா ஃபிஜியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம். டீ குடிக்கும்போதுகூட டேப்லெட்டும் கையுமாக எதையாவது இணைத்துக்கொண்டே இருப்பாள். 'சிலந்தி' என்று பெயரே வைத்திருந்தார்கள். அத்தனை வலை பின்னத் தெரிந்தவளுக்குச் சொல்லத் தெரியாதா?

"உங்ககிட்ட சொன்னேனே," என்றாள் லிடியா ப்ரான்வினிடம். "சாப்பாட்டு வண்டி பக்கத்துல. 'ஆப்ல போடு'ன்னீங்க."

"எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன்."

"அதான் போட்டேன்."

பெட்ரி கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"நாங்க கூப்பிடக் கூடாது சார். நர்ஸ்தான் கூப்பிடணும். நான் ஒவ்வொரு இணைப்பு போடும்போதும் நர்ஸ் போனுக்கும் மேலாளர் போனுக்கும் சேதி போகும். கூடவே நாலு வார்த்தையும் எழுதினேன். அனுப்பினது என் பக்கம் நிக்காது."

"எனக்கு எதுவும் வரல," என்றாள் ப்ரான்வின், அவர் கேட்பதற்கு முன்பே.

பெட்ரி ஷோனாவைப் பார்த்தார்.

"எனக்கும் வரல சார்." அது உண்மை என்றுதான் ஷோனா நினைத்தாள். "வந்திருந்தா நான் விடுவேனா? பதினாலு வருஷ சர்வீஸ்."

பெட்ரி எழுதிக்கொண்டார்.

"இவளை இனிமே வச்சுக்க முடியாது," என்றாள் ப்ரான்வின். "வெள்ளிக்கிழமையோட சரி."

"என் விசாவே இந்த வேலையை நம்பித்தான் இருக்கு," என்றாள் லிடியா.

ப்ரான்வின் டேப்லெட்டை மூடினாள்.

ஷோனா வராந்தாவுக்கு வந்தாள். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தாள். சதா மணி அடிக்கிறது என்று அந்த ஆப்பின் சத்தத்தை எல்லாரும் போன வருஷமே அணைத்திருந்தார்கள். அப்புறம் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

படிக்காதவை: இருநூற்றுப் பன்னிரண்டு.

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். லிடியா. லிடியா. மறுபடி லிடியா.

"மாத்திரை மாத்தினதுலேர்ந்துதான் ஷோனா இதெல்லாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

கடைசிச் சேதி திங்கட்கிழமை, அவர் விழுவதற்கு முந்தின நாள் வந்தது. "நாளைக்கு அவருக்குக் குளியல். அதுக்குள்ள கேட்டுடுங்க, ப்ளீஸ்."

கண்ணாடிக் கதவு வழியே உள்ளே தெரிந்தது. பெட்ரி இன்னும் கிளம்பவில்லை. லிடியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டடி வைத்தால் போதும்.

ஷோனா எல்லாச் சேதிகளையும் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள்.

நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெட்ரிக்கு முதுகைக் காட்டியபடி, ப்ரான்வினும் குனிந்து தன் போனில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.