அப்பாவின் நெஞ்செரிச்சல்

காரம் இல்லை, காப்பி இல்லை, இரவுச் சாப்பாடும் ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. படுத்தால் அமிலம் மேலே ஏறாமல் இருக்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியாகிவிட்டது. அப்படியும் அப்பாவின் நெஞ்செரிச்சல் ஏன் அடங்கவில்லை என்பது, தினமும் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போகும் மகளுக்குப் புரியவில்லை.

“உணவுக்குழாய் புண்ணாயிடுச்சு, இப்படியே போனா ரத்தம் கசியும்னு டாக்டர் சொல்றார். உண்மையைச் சொல்லுங்கப்பா, திருட்டுத்தனமா என்ன சாப்பிடறீங்க?”

“வயித்துக்குள்ளயே அடுப்பு எரியுது. இதுல திருடி வேற தின்னணுமா?” என்று சிரித்தார் அப்பா.

அவள் நம்பவில்லை. அன்று அவர் சாப்பிட்டு முடித்த பிறகும், கையும் களவுமாகப் பிடிக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அம்மா நிறைந்த தட்டோடு வந்தாள். “என்னங்க, இன்னும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்களே!”

“இப்பத்தானேம்மா...” என்ற மகளின் கையை அப்பா அழுத்தினார். தட்டை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்.

அம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். “சாப்பிட்டாச்சுன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். ‘எனக்கு என்னமோ ஆயிடுச்சு’ன்னு விடிய விடிய அழுதா. அதுலேர்ந்து போட்டதையெல்லாம் சாப்பிட்டுடறேன்.”

“எத்தனை தடவைப்பா?”

“பாத்திரத்தைத் திறந்து பார்ப்பா. மிச்சம் இருந்தா, நான் இன்னும் சாப்பிடலைன்னு நினைச்சுக்குவா.”

மறுநாள் மகள் இருவருக்கும் ஒரு வேளைக்கு அளவாக மட்டும் சமைத்தாள். சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் அம்மா மறுபடி பாத்திரத்தைத் திறந்தாள். காலியாக இருந்தது.

“எல்லாரும் சாப்பிட்டாச்சு” என்று மூடிவைத்தாள்.