மாப்பிள்ளை வண்டியின் சத்தம்

"மூணு மாசத்துல இது மூணாவது தடவை மாமா. வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சிரித்துக்கொண்டே பிக்கப் வண்டியிலிருந்து இறங்கினார் மாப்பிள்ளை.

மெக்கானிக்குக்குக் காது சிவந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனையோ லாரிகளின் வாயை அடைத்தவர் அவர். சொந்த மருமகனின் வண்டி மட்டும், சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூடப் பின்பக்கம் கிரீச் கிரீச் என்று கத்தி, தெருத்தெருவாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

வேறு ஆளாக இருந்தால், "அளவுக்கு மேல லோடு ஏத்துனா அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருப்பார். மாப்பிள்ளையிடம் வாயைத் திறக்க முடியுமா? அதுவும் இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளையிடம்!

மகளும் இறங்கி, வண்டியை ஒட்டியே நின்றாள். "உள்ளே போய் அம்மாவைப் பாரும்மா" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"எப்பவும் ஏதோ கனவுலதான் இருப்பா மாமா" என்று அவள் தோளில் கை போட்டார் மாப்பிள்ளை. "அத்தையை அடுத்த தடவை பார்த்துக்கலாம். வேலை முடிஞ்சதும் நாங்க கிளம்பணும்."

கடைக்குப் பின்னாலேயேதான் வீடு. பத்தடி நடந்தால் அம்மா. போன தடவையும் மாப்பிள்ளை இதையேதான் சொன்னார். பெண்டாட்டியை ஒரு நிமிஷம்கூடப் பிரிய மாட்டேன் என்கிறாரே என்று மெக்கானிக்குக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, நுனியில் அவர் செருகிய ரப்பர் துண்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம். கிரீஸையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்த மாதிரி யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

அதைவிட அதிசயம், பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட். கழற்றியவன் அதைத் திரும்ப ஒழுங்காக முறுக்கி, ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டும் போட்டிருந்தான். அது மெக்கானிக்கின் பழக்கம். மற்ற கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்வார்கள்.

"எந்தப் படுபாவிடா இது?" என்று முனகிக்கொண்டே பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் துழாவினார். அது காணாமல் போய் மூன்று மாசமாகிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வேறொரு ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டு மணி நேரம் போராடிப் புது ரப்பர் செருகி, கிரீஸ் அடித்து, ஜாக்கியை இறக்கினார். "மாப்ளே, பின்னால ஏறி நல்லாக் குதிங்க. நான் அடியில படுத்துக் கேட்டுச் சொல்றேன்."

"நான் டார்ச் பிடிக்கிறேன்ப்பா" என்று மகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

மேலே தகரம் தடால் தடால் என்று அதிர்ந்தது. ஸ்பிரிங் மூச்சுகூட விடவில்லை.

"எவனோ வேணும்னே பிடுங்கிப் போட்டிருக்கான்ம்மா" என்றார் படுத்தபடியே. "கையில மட்டும் கெடைக்கட்டும், தோலை உரிச்சுடறேன்."

மகள் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.

"நான்தான்ப்பா. ரெண்டு நட்டுப் போடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"நீயா? ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"மெதுவாப் பேசுங்கப்பா." அவள் கண் மேலே போய்த் திரும்பியது. "தெருவுல எத்தனையோ வண்டி வருது. இந்தச் சத்தம் இது ஒண்ணுக்குத்தான். தெருமுனையில கேட்டதுமே ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன்."

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை.

"போன தடவை நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்கல்ல, அன்னிக்கு அவர் வந்ததே தெரியல. இந்தப் பக்கத்துக் காது அன்னிக்குப் போனதுதான்ப்பா."

பாவி, மூணு தடவை அந்தச் சத்தத்தை என் கையாலேயே அடைச்சேனே என்று மனசுக்குள் கதறினார் மெக்கானிக். தலையைத் தூக்கக்கூட இடமில்லை. முகத்துக்கு மேலேயே மாப்பிள்ளை குதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, சத்தம் போச்சா?"

மெக்கானிக் புரண்டு வெளியே வந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. "உள்ளே போம்மா. அம்மா இருக்கா" என்றார், அவளுக்குக் கேட்கிற காதின் பக்கம் குனிந்து.

"எங்கே போறா? கிளம்ப வேண்டாமா?" மேலிருந்து வந்த குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

வீட்டுக் கதவு மூடி, உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை மெக்கானிக் காத்திருந்தார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி ரெடி மாப்ளே. நீங்க மட்டும் கிளம்புங்க."