மருமகளுக்கு ஒரு ரொட்டி மெசின்

"மருமகள் இன்னும் பிளேனே ஏறேல்லை. அதுக்குள்ளை மாமனை மரவேலைக்கு இறக்கிப்போட்டாள்."

பத்மாவதி இப்படிச் சொன்னபோது நமசிவாயம் முற்றத்தில் குந்தியிருந்து இரண்டு பலகைகளைப் பிணைச்சல் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

கனடாவில் இருக்கும் மகன் சிவகரன் கலியாணம் முடித்தது மெக்சிக்கோ நாட்டுப் பெண்ணை. பெயர் லூப்பே. இருவரும் முதல்தடவையாக உடுப்பிட்டிக்கு வருகிறார்கள்.

"அவையள் மூண்டு நேரமும் சோள ரொட்டிதானாம். உருண்டையைப் பலகைக்குள்ளை வைச்சு நெரிக்கிறது. நான் வாசிச்சனான்," என்றார் நமசிவாயம்.

"அப்ப எங்கடை புட்டைத் தொடமாட்டாவோ? எதுக்கும் மகனிட்டை ஒருக்கால் கேளுங்கோவன்."

"கேட்டால் வேண்டாம் எண்டுவான். நீர் பேசாமல் இரும். வாற பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது."

மருதனார்மடச் சந்தை வரைக்கும் பஸ்ஸில் போய்ச் சோளம் வாங்கி, மில்லில் அரைப்பித்து வந்தார்.

முதல் ரொட்டி மேல்பலகையில் பாதி, கீழ்ப்பலகையில் பாதியாக ஒட்டிக்கொண்டது. இரண்டாவதுக்கு முழுப் பலத்தையும் போட்டு அமத்தினார். உருண்டை பக்கவாட்டால் பாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரோபரின் சேட்டில் போய் ஒட்டியது.

கிறிஸ்ரோபர் கோபிக்கவில்லை. "அண்ணை, சொப்பிங் பையை வெட்டி ரெண்டு பக்கமும் வையுங்கோ," என்றார். வைத்தார்கள். பலகைக்கு மேலே கிறிஸ்ரோபரே ஏறி இருந்தார். ரொட்டி கடதாசி மாதிரி வந்தது. ஆனால் அதன் நடுவில் புடைவைக் கடையின் தொலைபேசி இலக்கம் பதிந்திருந்தது.

வேறு பை எடுத்தார்கள்.

லூப்பே வந்து இறங்கியதும் நமசிவாயம் மெசினை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவள் மெசினைப் பார்த்தாள். பிறகு அவருடைய மூன்று விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள்.

"மாமா, சரியான வடிவு," என்றாள், பழகிவந்த தமிழில்.

கொஞ்ச நேரத்தில் குசினிக்கு வந்து உருண்டை பிடித்தாள். முதல் ரொட்டி இலங்கைத் தேசப்படம் போல நீண்டு வந்தது.

"புதுப் பலகை. பழக வேணும்," என்றார் நமசிவாயம்.

மூன்று நாள், மூன்று நேரமும் சோள ரொட்டி. அவள் சாப்பிடச் சாப்பிட, அவர் பக்கத்திலேயே கதிரை போட்டிருந்து பார்த்தார். பத்மாவதி புட்டு நீட்டினால், "அந்தப் பிள்ளையை வற்புறுத்தாதேயும்," என்று தடுத்தார்.

"என்ரை புட்டை ஒரு வாய் வைச்சுப் பாக்கேல்லை. பெரிய எடுப்பு," என்று பத்மாவதி கிறிஸ்ரோபரின் மனைவியிடம் சொல்லிக் குறைப்பட்டாள்.

நாலாம் நாள் பின்னேரம், நமசிவாயம் மெசினைத் தூக்கிக்கொண்டு கிறிஸ்ரோபர் வீட்டுக்குப் போயிருந்தார். குசினிக்குள் சத்தம் கேட்டுப் பத்மாவதி எட்டிப் பார்த்தாள்.

லூப்பே நின்றபடியே, பானையிலிருந்து புட்டை அள்ளி மீன்குழம்போடு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியைக் கண்டதும் வாய் நிறையப் புட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். கதவடியில் சிவகரன் காவல்.

"இதென்ன கூத்து?" பத்மாவதிக்குக் கோபம் வந்தது. "நான் தரேக்கை வேண்டாம். இப்ப களவாய்த் தின்னுறதோ?"

"மெல்லக் கதையுங்கோ அம்மா. அப்பாவுக்குக் கேட்டிடும்," என்றான் சிவகரன். "இவ வந்ததே உங்கடை புட்டுச் சாப்பிடத்தான்."

"அப்ப அந்த ரொட்டி?"

"அவையின்ரை வீட்டிலை ரொட்டி கடையிலைதான் வாங்கிறவை. அண்டைக்கு அப்பா மெசினைக் கொண்டுவந்து வைச்ச உடனை, பாத்ரூமுக்குள்ளை ஓடிப்போய் நிண்டு, போனிலை பாத்துத்தான் ரொட்டி போடப் பழகினவ."