எழுத்தில்லாத பட்டன்

விவாகரத்துத் தீர்ப்பை நீட்டிவிட்டு இசக்கியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஜெரினா, அவளுடைய ரேஷன் அட்டைப் பதிவில் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தை அழித்துவிட்டுச் சேமித்தாள். திரும்பத் திறந்தபோது அவன் பெயர் அங்கேயே இருந்தது. மூன்று முறையும் அப்படித்தான்.

"காலியா விட்டா மாத்தம் ஒண்ணும் இல்லன்னு பழசையே வச்சுக்கிடுது அக்கா. எதையாவது அடிக்கணும்."

அவன் இருந்த இடத்தில் எதை வைப்பது? இசக்கியம்மாள் கீபோர்டைக் காட்டினாள்.

"எழுத்தே இல்லாம நீளமா ஒண்ணு இருக்கே, அதைத் தட்டும்மா."

ஜெரினா தட்டினாள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அச்சாகி வந்த தாளில் பெயரில்லாத அந்த இடத்தை இசக்கியம்மாள் விரலால் தடவினாள்.

"எத்தனை தடவ தட்டுன?"

"ஒரு தடவதான் அக்கா."

"பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒண்ணு போதுமா?"