ஞாயிற்றுக்கிழமைக் கயாக்

"முதல் கயாக் படகுன்னா அகலமானதா எடுங்க மேடம், சட்டுனு கவிழாது," என்றார் கடைக்காரர்.

மனைவி, கணவனுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்துப் பார்த்தாள். "இவருக்கு ஒண்ணும் புதுசில்லைங்க. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா ஏரியில வாடகைக் கயாக்தான். சட்டையெல்லாம் நனைஞ்சுதான் வீட்டுக்கு வருவார்."

கடைக்காரர் துடுப்பை நீட்டினார். அவன் அதைத் துடைப்பம் மாதிரிப் பிடித்தான். கடைக்காரர் லேசாக இருமிக்கொண்டார்.

"எதுக்கு இதெல்லாம்? வாடகையே போதுமே," என்றான்.

"உங்க பொறந்தநாளுக்கு நான் வாங்கித் தர்றேன். பேசாம இருங்க." அவள் மஞ்சள் கயாக் ஒன்றைத் தட்டினாள். "ரெண்டு பேர் உட்கார்றதுதானே? இதையே கொடுங்க. என் அளவுக்கும் ஒரு ஜாக்கெட். நாளையிலருந்து நானும் கூடப் போறேன்."

அவன் கைப்பேசி அதிர்ந்தது. ஓரமாக ஒதுங்கி எடுத்தான். படுக்கையில் கிடக்கும் அம்மா. "அவங்க வீட்டுப் படி மிதிச்சா, அப்புறம் நீங்க எனக்கு வேணாம்" என்று மனைவி சொன்ன நாளிலிருந்து அவன் ஒளிந்து பேசும் அம்மா.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடுப்பா. போன ஞாயிறு நீ குளிப்பாட்டி விட்டதோட சரி, உடம்பெல்லாம் கசகசன்னு இருக்கு. மறக்காம மாத்துச் சட்டை எடுத்துக்கிட்டு வா. ஒவ்வொரு வாட்டியும் நனைஞ்ச சட்டையோடவே வீட்டுக்குப் போற."