தானாக எடுக்கும் போன்

"கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்ல. கால் வந்தா யாரும் தொடாம தானா எடுக்கணும்" என்றார் அந்தம்மா.

பன்னிரண்டு வருஷமாக செல்போன் விற்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை.

கைப்பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு வைஃபை கருவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். போன் அதோடு சேர வேண்டும், ஸ்பீக்கர் தெளிவாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சரியாம்.

யாரோ வயதானவருக்கு என்று நானே முடிவுகட்டி, பெரிய எழுத்து தெரிகிற போனை நீட்டினேன்.

மகளுக்காம். பதினேழு வயசாம்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. "நல்ல பொண்ணும்மா! போனை எடுக்கக்கூடவா சோம்பேறித்தனம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"விபத்துங்க. பத்தொன்பது நாளா கண்ணு முழிக்கல. ஐசியூ உள்ள டவர் கிடைக்காது, இதை ஜன்னல்ல வச்சா கிடைக்குது. தெரிஞ்ச குரல் காதுல விழுந்துட்டே இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னார். அவளுக்கு அப்பான்னா உயிர். அவரோ கப்பல்ல இருக்கார்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இருப்பதிலேயே நல்ல ஸ்பீக்கர் உள்ளதைப் பிரித்து, சிம் போட்டு, வைஃபையில் இணைத்தேன். செட்டிங்ஸில் தேடித் தேடி, தானாக எடுக்கும்படி மாற்றினேன். சோதித்துப் பார்க்காமல் எதையும் கொடுத்தனுப்பும் பழக்கம் எனக்கில்லை. யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் தன் போனில் கணவரிடம், "பாப்பாவோட புது நம்பர் அனுப்பியிருக்கேன், கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்தார்.

இரண்டு முறை மணி அடித்தது. தானாகவே எடுத்தது. அப்பாடா! சரியாக வேலை செய்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்தம்மா அவசரமாக உதட்டில் விரலை வைத்துத் தடுத்தார்.

ஸ்பீக்கரில் அவர் கணவரின் குரல் வந்தது. "பாப்பா! எடுத்துட்டியாடா! பேசாதே, பேசாதே. தொண்டை ஆபரேஷன் ஆனா ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாதாமே, அம்மா சொன்னா. நீ கேட்டா போதும், நான் பேசறேன்."

அந்தம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே போய்விட்டார்.

"இருக்கியாடா?"

வாசலைப் பார்த்தேன், அந்தம்மா திரும்பி வரவில்லை.

"இருக்கே, இருக்கே. மூச்சு விடறது கேக்குது" என்று சிரித்தார் அவர்.

போன் என் கையில் இருந்தது.